விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை



உங்கள் சமையலறை அலமாரியை ஒரு நிமிடம் மனக்கண்முன் கொண்டுவாருங்கள். எவர்சில்வர் தம்ளர்களுக்கு நடுவே பீங்கான் குவளை ஒன்றாவது நின்றுகொண்டிருக்கும். பிறந்தநாளுக்கு வந்ததாயிருக்கலாம், அலுவலகத்தில் கொடுத்ததாயிருக்கலாம், கைப்பிடி உடைந்தும் எறிய மனமில்லாமல் பேனாக்களைப் போட்டு வைத்திருப்பதாகவும் இருக்கலாம். நம் ஊர்களில் ‘மக்’ என்றால் குளியலறை வாளிமேல் மிதப்பதுதான் நினைவுக்கு வரும். பட்டணத்திற்குப் பிழைக்க வந்த பிறகே, தேநீர் அருந்தும் பீங்கான் மக் நம் வீடுகளுக்குள் வந்தது.

இப்போது அந்த வெள்ளைக் குவளையை வாங்கி, வெட்டுத்தகடு வைத்து, வண்ணம் தீட்டிப் பரிசளிக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் பரவிவருகிறது. விடுமுறை நாட்களில் பிள்ளைகள் செய்கிறார்கள். சகோதரிகள் சிலர் செய்து விற்கவும் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல கைவேலைதான். அதை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்பாக, அதை எப்படிச் செய்யக்கூடாது என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் கதையன்று.

இருபத்துநான்கு குவளைகள்

2012-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். தெற்குக் கொல்கத்தாவில் வாடகை மண்டபம் ஒன்றில் கூடிவந்த எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் அப்போது இருபத்துநான்கு பிள்ளைகள் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் பரிசுக்குக் கையில் பணம் மிகக் குறைவு. சிறு குறையுள்ளவை என்று மலிவாகக் கிடைத்த வெள்ளைக் குவளைகளை மொத்தமாக வாங்கினேன். வீட்டுக்கு அருகே இருந்த இரும்புக்கடையில் மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று சிறிய எனாமல் டப்பாக்களும் வாங்கினேன். கதவுக்கும் சன்னலுக்கும் அடிக்கிற எனாமல்தான். பளபளப்பாயிருந்தது, உலர்ந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றியது.

நானும் என் மனைவியும் நான்கு இரவுகள் கண்விழித்தோம். பிளாஸ்டிக் தாளில் நட்சத்திரத்தை வெட்டி, அதைக் குவளைமேல் வைத்து, பஞ்சால் வண்ணம் ஒற்றினோம். ஒவ்வொரு குவளையிலும் பிள்ளையின் பெயரை எழுதினோம். அழகுக்காக விளிம்பைச் சுற்றிலும் சிவப்புக் கோடு. அதோடு விட்டேனா? பாலைக் குடித்து முடிக்கும்போது பிள்ளைகள் மகிழட்டும் என்று, உள்ளே அடிப்பாகத்தில் ஆளுக்கொரு மஞ்சள் நட்சத்திரத்தையும் வரைந்தேன். அந்த யோசனை என்னுடையது.

பிள்ளைகள் துள்ளினார்கள். பெற்றோர் பாராட்டினார்கள். ஜனவரி கடைசியில் எங்கள் வீட்டிற்கு ஓர் இளைஞர் வந்தார். பீங்கான் தொழில்நுட்பம் படித்தவர். மீந்திருந்த மாதிரிக் குவளையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“ஐயா, இது என்ன வண்ணம்?”

“எனாமல், தம்பி.”

“கதவுக்கு அடிக்கிற எனாமலா?”

“ஆம்.”

அவர் குவளையின் உட்புறத்தைப் பார்த்தார். பிறகு சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. “ஐயா, இதில் யாராவது குடிக்கிறார்களா?” என்று கேட்டார்.

அன்று மாலை அவர் எனக்குச் சொன்னவற்றை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன். அந்நாட்களில் நம் நாட்டில் விற்ற எனாமல் வண்ணங்கள் பலவற்றில் ஈயம் மிகுதியாயிருந்ததை ஆய்வுகள் காட்டியிருந்தன. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் பளிச்சென்ற நிறம் தருவதற்காக ஈயக் குரோமேட் போன்ற நிறமிகள் சேர்க்கப்பட்டு வந்தன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியை மத்திய அரசு 2016-இல் பிறப்பித்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நான் டப்பா வாங்கியதோ அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு. அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே அதைப் பிள்ளைகளின் பால் குவளைக்குள் பூசியிருந்தேன்.

வீடு வீடாக

மறுநாள் காலையிலேயே புறப்பட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வார்த்தைகளைச் சொல்ல வேண்டியிருந்தது: “நான் தவறு செய்துவிட்டேன். அந்தக் குவளையைத் திருப்பித் தாருங்கள்.” மேடையில் நின்று பிரசங்கிப்பது எளிது, பிரியமானவர்களே. வாசற்படியில் நின்று இதைச் சொல்வது எளிதன்று.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சகோதரி குவளையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்கள். “ஐயா, இவன் பாலே குடிக்கமாட்டான். அடியில் இருக்கிற நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் இப்போது முழுவதும் குடிக்கிறான்” என்றார்கள். நான் அக்குவளையை வாங்கி உள்ளே பார்த்தேன். நட்சத்திரத்தின் ஐந்து முனைகளில் இரண்டு இல்லை. அந்த வண்ணம் எங்கே போயிருக்கும்? வேறெங்கே போகும்!

இருபத்துமூன்று குவளைகள் திரும்பி வந்தன. அவற்றுள் ஐந்தில் உட்புற வண்ணம் உரிந்திருந்தது. இரத்தத்தில் ஈய அளவை அறியப் பரிசோதனை உண்டு என்று கேட்டறிந்து, அந்த ஐந்து பிள்ளைகளையும் பெற்றோருடன் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கவலைப்படும்படியாக ஒன்றுமில்லை என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. இருபத்துநான்காவது குவளை கிடைக்கவில்லை. அந்தக் குடும்பம் ஜனவரியிலேயே வீட்டைக் காலிசெய்துகொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டது. தொலைபேசி எண்ணும் மாறியிருந்தது.

இதைச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காக அன்று. சரியாகச் செய்தால் இக்கைவேலையில் தீங்கு ஒன்றுமில்லை. சரியாகச் செய்வது எப்படி என்பதை இனிப் பார்ப்போம்.

கொல்கத்தாவும் பீங்கானும்

நாம் குடியிருக்கும் இந்நகருக்குப் பீங்கானோடு நீண்ட தொடர்பு உண்டு. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தபோது, அயல்நாட்டுக் கோப்பைகளுக்குப் பதிலாக நம் மண்ணிலேயே பீங்கான் செய்ய வேண்டும் என்ற வேட்கையும் எழுந்தது. ஜப்பானுக்குச் சென்று பீங்கான் தொழில் பயின்று திரும்பிய சத்திய சுந்தர தேவ் என்பவரைக் கொண்டு, காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்தி முதலியோரின் ஆதரவில், கல்கத்தா பாட்டரி ஒர்க்ஸ் என்னும் ஆலை தொடங்கப்பட்டது. ராஜ்மகால் மலைப்பகுதியின் வெண்களிமண் அதற்குப் பயன்பட்டது. 1919-இல் அதுவே பெங்கால் பாட்டரீஸ் ஆயிற்று. பழைய வங்காளக் குடும்பங்களில் அப்பெயர் அடியில் பொறித்த தட்டுகளை இன்றும் காணலாம்.

1941-இல் இங்கே பீங்கான் தொழிலுக்கென ஒரு கல்வி நிறுவனம் தோன்றியது. பேலியாகட்டாவிலுள்ள அரசுப் பொறியியல் மற்றும் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி அதன் தொடர்ச்சியே. ஜாதவ்பூரில் மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் 1950-இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. ஆகவே பீங்கானைப் பற்றிக் கேட்டறிய விரும்புகிறவனுக்கு இந்நகரில் ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. கேட்காமல் செய்ததே என் பிழை.

இன்று நாம் கடைகளில் வாங்கும் வெள்ளைக் குவளைகளில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா போன்ற ஊர்களிலிருந்து வருகிறது. நியூ மார்க்கெட்டிலும், நம்மவர் மிகுதியாகக் கூடும் லேக் மார்க்கெட்டைச் சுற்றிலும் அவை கிடைக்கும்.

வண்ணம் ஏன் உரிகிறது?

பீங்கான் குவளையின் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் அது உருகிக் களிமண்ணோடு ஒன்றாகியிருக்கும். நாம் தீட்டும் வண்ணத்தை மண் உறிஞ்சும், துணி உறிஞ்சும், கண்ணாடி உறிஞ்சாது. ஆகையால் வண்ணம் அதன்மேல் ஓர் ஆடையைப்போல் ஒட்டிக்கொண்டிருக்குமேயன்றி உள்ளே இறங்காது.

தொழிற்சாலைகள் மேற்பூச்சின்மேல் பூவும் கோடும் இடும்போது, கண்ணாடித் துகள் கலந்த நிறமிகளைப் பயன்படுத்தி, ஏறக்குறைய 800 டிகிரியில் மறுபடியும் சுடுகிறார்கள். அப்போது நிறம் உருகி மேற்பூச்சோடு கலந்துவிடுகிறது. படம் பதித்துத் தரும் கடைகளில் நடப்பது வேறு. அங்கே குவளையின்மேல் முன்கூட்டியே ஒரு பிளாஸ்டிக் வகைப் பூச்சு இருக்கும். தாளில் அச்சிட்ட சாயம் 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் ஆவியாகி அப்பூச்சுக்குள் புகுகிறது. நம் வீட்டு அடுப்போ 250 டிகிரிக்கு மேல் போகாது. எனவே நாம் செய்வது எதுவும் கண்ணாடியோடு ஒன்றாகாது. கெட்டியான ஆடையாக மட்டுமே நிற்கும். இந்த ஒரு உண்மையை மனதில் வைத்துக்கொண்டால், பின்வரும் எச்சரிக்கைகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

எந்த வண்ணத்தை வாங்குவது?

முதலாவது, வாங்கக்கூடாதவை. கதவு எனாமல் வேண்டாம். மோட்டார் வண்டிக்கு அடிக்கும் தெளிப்பு வண்ணம் வேண்டாம். மார்க்கர் பேனாவால் எழுதி அடுப்பில் வைத்தால் என்றும் அழியாது என்று சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம். சில கழுவலிலேயே அது மங்கத் தொடங்கும். உணவுப் பாத்திரத்திற்காகச் செய்யப்பட்டதும் அன்று.

வாங்க வேண்டியது, பீங்கானுக்கென்றே செய்யப்பட்டு, அடுப்பில் சூடாக்கிக் கெட்டிப்படுத்தும், நீரில் கரையும் வண்ணம். எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்று குப்பியிலேயே எழுதியிருக்கும். எழுதியிராத குப்பியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். தர்மதலாப் பகுதியின் ஓவியப் பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரத் தாதாவிடம் கூச்சப்படாமல் குப்பியை வாங்கி முழுவதும் வாசியுங்கள்.

இங்கே ஒரு வார்த்தையைக் குறித்து ஜாக்கிரதையாயிருங்கள். குப்பியில் ‘நச்சற்றது’ என்று எழுதியிருந்தால், தீட்டுகிறவருக்கு அதனால் கேடில்லை என்பது மட்டுமே பொருள். அதன்மேல் உணவு படலாம், வாய் படலாம் என்பது பொருளன்று. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால்தான் பலர் தவறுகிறார்கள்.

ஆகவே சட்டம் இதுதான்: உட்புறத்தில் ஒரு புள்ளியும் கூடாது. வெளிப்புறத்தில், விளிம்பிலிருந்து கீழ்நோக்கி இரண்டு விரற்கடை வெறுமையாயிருக்க வேண்டும். உதடு படுகிற இடம் அது. குடிக்கும்போது வழிகிற துளி ஓடுகிற இடமும் அதுவே. நம் நகரத்தில் எலுமிச்சைத் தேநீரை விரும்பிக் குடிக்கிறோம். புளிப்பானது எதுவும் வண்ணத்திலுள்ள உலோகத்தை எளிதில் கரைத்தெடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெட்டுத்தகடு: கோலமும் ஆல்பனாவும்

ஸ்டென்சில் என்னும் வெட்டுத்தகடு நமக்குப் புதியதன்று. துளையிட்ட தகட்டில் மாவைப் போட்டுத் தட்டினால் தரையில் கோலம் விழுகிறதே, அந்தக் கோல அச்சுதான் நம் வீட்டு ஸ்டென்சில். மார்கழிச் சந்தையில் அதை விற்கும் தள்ளுவண்டி உங்களுக்கு நினைவிருக்கும்.

வங்காளிகளின் ஆல்பனாவும் நம் கோலத்திற்கு உடன்பிறந்தாளைப் போன்றது. நம் தாய்மார் பெரும்பாலும் உலர்ந்த மாவால் புள்ளி வைத்து இழை சுற்றுகிறார்கள். இவர்கள் அரிசியை அரைத்துக் கரைத்து, சிறு துணித்துண்டை அதில் நனைத்து, விரல்வழியே ஒழுகவிட்டுக் கொடியும் இலையும் நெற்கதிரும் வரைகிறார்கள். அபனீந்திரநாத் தாகூர் 1919-இல் வெளிவந்த ‘பாங்லார் பிரத’ என்னும் நூலில் கிராமத்துப் பெண்களின் ஆல்பனாக்களைத் தொகுத்து விளக்கினார். அதே 1919-இல் சாந்திநிகேதனில் தொடங்கிய கலா பவனத்தில், ஓவியர் நந்தலால் போஸின் காலத்தில், சுகுமாரி தேவி என்னும் பெண்மணி ஆல்பனா கற்பித்தார். முற்றத்திலிருந்த கலை பள்ளிக்கூடத்துக்குள் வந்தது அவ்வாறே.

இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குக் கோலமும் அரைகுறை, ஆல்பனாவும் அரைகுறை. ஒரு குவளையின் ஒரு பக்கத்தில் நான்கு புள்ளிக் கோலத்தையும் மறுபக்கத்தில் நெற்கதிரையும் தீட்டச் சொல்லிப் பாருங்கள். இரண்டு ஊர்களும் அவர்கள் கையில் ஒரே பாத்திரத்தில் சேரும்.

தகட்டுக்கு எளியது பிளாஸ்டிக் தாள். பழைய எக்ஸ்ரே படமும் உதவும். கையுறை அணிந்து, நீர்த்த பிளீச்சில் சற்று ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்புப் படலம் போய்த் தெளிந்த தாள் கிடைக்கும். எல்லாவற்றிலும் சிறந்தது பின்புறம் பசையுள்ள ஸ்டிக்கர் தாள். அது வளைந்த பரப்பில் இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளும். குவளையும் நேர் உருளையாக இருக்கட்டும். கீழே குறுகியும் மேலே அகன்றும் இருக்கும் குவளையில் தட்டையான தாள் சரியாகப் படியாது, சுருக்கம் விழும், அச்சுருக்கத்தின் வழியே வண்ணம் உள்ளே கசியும்.

தமிழில் பெயர் எழுத விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் எழுத்துகள் பலவற்றில் மூடிய வளையங்கள் உண்டு. ‘ப’ என்னும் எழுத்தை வெட்டினால் சிக்கலில்லை. ‘ம’ என்பதை வெட்டினால் அதன் வளையத்தின் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அத்துண்டைச் சுற்றியுள்ள தாளோடு இணைக்கும் சிறு பாலம் ஒன்றை வெட்டாமல் விட வேண்டும். ‘அப்பா’ என்று வெட்ட ஒரு பாலம் போதும், ‘அ’வில் மட்டும். ‘அம்மா’ என்று வெட்ட மூன்று பாலங்கள் வேண்டும். அம்மா என்றால் எங்கும் வேலை அதிகம்தான்! உலர்ந்தபின் பாலத்தின் இடைவெளியை மெல்லிய தூரிகையால் நிரப்பிவிடலாம்.

தீட்டும் முறை

குவளையைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். அதன்பின் தீட்டும் இடத்தை விரலால் தொடாதிருங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கை பட்ட இடத்தில் வண்ணம் நிற்காது. கைப்பிடியைப் பிடித்தே வேலை செய்யுங்கள்.

விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை அளந்து, மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். அது உங்கள் எல்லைக்கல். சுற்றிலும் சம இடைவெளியில் உருவங்கள் வேண்டுமானால், குவளையைச் சுற்றும் அளவுக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, அதை நான்காகவோ எட்டாகவோ மடித்து, மடிப்பு விழுந்த இடங்களில் பென்சிலால் குறியிடுங்கள்.

வெட்டுத்தகட்டை ஒட்டியபின் அதன் ஓரங்களை நகத்தால் நன்றாக அழுத்துங்கள். வண்ணத்திற்குத் தூரிகை வேண்டாம். சிறு பஞ்சுத் துண்டு போதும். பஞ்சில் வண்ணத்தைத் தொட்டு, ஒரு பழைய தாளில் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுத்து, மீதியைக் கொண்டு குவளைமேல் மென்மையாக ஒற்றுங்கள். தேய்க்காதிருங்கள். தேய்த்தால் தகட்டின் அடியில் வண்ணம் புகும். புதிதாகச் செய்கிறவர்களின் தோல்வி பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது: வண்ணம் அதிகம், பொறுமை குறைவு. முதல் பூச்சு வெளிறித் தெரிந்தால் கலங்க வேண்டாம். அது உலர்ந்தபின் இரண்டாவதாக ஒற்றுங்கள்.

கடைசிப் பூச்சு முற்றிலும் உலர்வதற்கு முன்பே தகட்டை மெதுவாக உரித்தெடுங்கள். உலர்ந்தபின் எடுத்தால் வண்ணமும் சேர்ந்து உரிந்துவரும். கசிந்த இடங்களை ஈரமான காதுக்குச்சியால் துடைத்துவிடலாம். தவறு இந்நிலையில் நீரிலேயே போய்விடும், சுட்டபின் போகாது.

சுடும் முறை

தீட்டிய குவளையைக் குறைந்தது ஒரு நாள் முழுவதும் உலரவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான கொல்கத்தாவின் மழைக்காலத்தில் துணியே உலராது. அப்போது இரண்டு மூன்று நாட்கள் ஆகட்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களே இவ்வேலைக்கு ஏற்ற காலம்.

சுடுவதற்கு ஓ.டி.ஜி. எனப்படும் மின்சார அடுப்பு வேண்டும். மைக்ரோவேவ் உதவாது. எரிவாயு அடுப்பின் நெருப்பில் நேரே வைக்கக்கூடாது; குக்கரிலும் கூடாது. குளிர்ந்த அடுப்பில் குவளையை வைத்து, அதன்பின்பே அடுப்பை இயக்குங்கள். உதாரணமாக, பெபியோ என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் பீங்கான் வண்ணத்திற்கு 24 மணி நேரம் உலர்த்தி, 150 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம் வைக்க வேண்டும். அடுப்பு 150 டிகிரியை எட்டியபின்பே நிமிடங்களை எண்ணத் தொடங்க வேண்டும். உங்கள் குப்பியில் வேறு கணக்கு இருந்தால் அதையே கைக்கொள்ளுங்கள். நேரம் முடிந்ததும் அடுப்பை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்காதிருங்கள். குவளை உள்ளேயே ஆறட்டும். சூடான பீங்கான்மேல் குளிர்காற்று பட்டால் விரிசல் விழும். அவ்வேளையில் சன்னல்களைத் திறந்துவையுங்கள். அதே சமயத்தில் உணவு எதையும் உடன் வைக்க வேண்டாம்.

ஒற்றை அறை வீட்டில் குடியிருக்கும் நம்மவர் பலரிடம் இந்த அடுப்பு இராது. அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. ஓர் அடுப்பில் ஒரே வேளையில் ஆறு குவளைகள் வைக்கலாம். நான்கு குடும்பங்கள் சேர்ந்து, அடுப்புள்ள ஒரு வீட்டில் ஒரு சனிக்கிழமை கூடுங்கள். அதற்கும் வழியில்லையானால், சுடாத குவளையைப் பேனாக்களுக்கும் மணிச்செடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அழகே.

விற்க எண்ணும் சகோதரிகளுக்கு

குளிர்காலத்து மேளாக்களில் இக்குவளைகளை விற்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. விற்கலாம். ஆனால் விலை வைக்கும்போது குவளையையும் வண்ணத்தையும் மட்டும் கணக்கிட்டு ஏமாந்துபோகாதீர்கள். மின்சாரம், உடைந்தவை, கெட்டுப்போனவை, பேருந்துச் செலவு, உங்கள் நேரம் ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். முதலில் ஒரு குவளையை உங்கள் வீட்டிலேயே ஒரு மாதம் அன்றாடம் கழுவிப் பயன்படுத்திப் பாருங்கள். அதில் தேறினால் மட்டும் விற்பனைக்கு வையுங்கள்.

ஒவ்வொரு குவளையோடும் ஒரு சிறு சீட்டை வையுங்கள்: கையால் தீட்டியது, மென்மையான பஞ்சால் கழுவவும், கம்பி நார் வேண்டாம், மைக்ரோவேவில் வைக்க வேண்டாம், வண்ணம் உரியத் தொடங்கினால் குடிப்பதற்குப் பயன்படுத்த வேண்டாம். இப்படி எழுதினால் வாங்குகிறவர் தயங்குவாரே என்று எண்ணுகிறீர்களா? தயங்கட்டும். அந்தக் குவளையில் குடிக்கப்போகிற பிள்ளையை நீங்கள் பார்த்ததில்லை. அதன் வீடு எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. என்னைப்போல் பிற்பாடு வாசற்படி ஏறிச் சென்று திருப்பிக் கேட்க உங்களால் முடியாது. சொல்ல வேண்டியதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நட்சத்திரம்

திரும்பி வந்த இருபத்துமூன்று குவளைகளையும் பேனாக் கிண்ணங்களாக்கிச் சபை அலுவலகத்தில் வைத்தோம். சில இன்னும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. ஏதாவது ஒன்றை நன்றாகத் தெரியுமென்று எண்ணிக்கொண்டு செய்யப்போகும்போதெல்லாம் என் கண் அதன்மேல் விழுகிறது.

அந்தத் திருநெல்வேலிச் சகோதரியின் மகனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நட்சத்திரத்தைப் பறிகொடுத்தபின் அவன் மறுபடியும் பால் குடிக்க மறுத்தான். அவ்விளைஞர்தான் வழி சொன்னார். தக்க வண்ணத்தை வாங்கி, அவருடைய வீட்டு அடுப்பிலேயே சுட்டு, புதிய குவளை ஒன்றைச் செய்தோம். உள்ளே ஒன்றுமில்லை; விளிம்பில் ஒன்றுமில்லை. குவளையைக் கவிழ்த்தால் தெரியும் வெளி அடிப்பாகத்தில் மட்டும் ஒரு மஞ்சள் நட்சத்திரம். பால் குறையக் குறையக் குவளையை மேலும் மேலும் சாய்க்க வேண்டுமல்லவா? அப்போது எதிரே நிற்கிறவருக்கு அது தெரியும். “தம்பி, நீ கடைசிச் சொட்டுவரை குடித்தால்தான் அம்மாவுக்கு நட்சத்திரம் தெரியும்” என்று அவனிடம் சொன்னேன். அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று அவன் குடித்தான். இன்று அவன் கல்லூரி மாணவன்.

இருபத்துநான்காவது குவளையைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. 2013 ஜனவரியில் கொல்கத்தாவை விட்டு ஊருக்குத் திரும்பிய அக்குடும்பத்தார் கையில் இவ்விதழ் ஒருவேளை வந்து சேரலாம். சேருமானால், உங்கள் அலமாரியைப் பாருங்கள். சிவப்பு விளிம்பும், உள்ளே மஞ்சள் நட்சத்திரமும், பிள்ளையின் பெயரும் உள்ள வெள்ளைக் குவளை ஒன்று இருந்தால், தயவுசெய்து இனி அதில் யாரும் குடிக்க வேண்டாம். பேனாக்களைப் போட்டு வையுங்கள். நேரில் வந்து சொல்ல முடியாமற்போனதற்காக என்னை மன்னியுங்கள்.